முன்விட்டை, பின்விட்டை

ஸ்பெயினின் தென்முனையில் இருக்கும் தரிஃபாவிலிருந்து மொராக்கோவின் டாஞ்சியருக்குக் கப்பலில் சுமார் ஒரு மணி நேரம். நடுவில் கிடக்கும் ஜிப்ரால்டர் நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர்தான். இந்தக் கரையில் ஒரு கழுதை, அந்தக் கரையில் ஒரு கழுதை. உலக நாடுகளின் பசுமைக்குடில் வாயுக் கணக்குக்கு அடிப்படையான வழிகாட்டி நூலைக் கேட்டால், ஸ்பெயின் கழுதை விட்டையும் மூத்திரமுமாக ஆண்டுக்கு 12.3 கிலோ நைட்ரஜனை வெளியே தள்ளுகிறது. மொராக்கோ கழுதை 21.8 கிலோ. கழுதை விட்டையில் முன்விட்டை வேறு, பின்விட்டை வேறா என்று நம் ஊரில் கேட்பார்கள். 77 விழுக்காடு வேறு என்கிறது அந்த நூலை வெளியிட்ட ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.

இரண்டு நாட்டுக் கழுதை எருவிலிருந்து வீணாகும் நைட்ரஜனை ஒப்பிட வேண்டும் என்பதுதான் எனக்கு வந்த வேலை. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஐ.நா.வின் உணவு, வேளாண் நிறுவனம் நாடுவாரியாக வைத்திருக்கும் கால்நடை எருப் புள்ளிவிவரத்தில் கழுதைக்கென்று தனி வரிசையே உண்டு. எத்தனை தலை, எருவில் எவ்வளவு நைட்ரஜன், சேர்த்து வைத்த எருவில் எவ்வளவு இழப்பு, வயலில் போட்ட பிறகு ஆவியானது எவ்வளவு, மழைநீரோடு மண்ணுக்குள் இறங்கியது எவ்வளவு, மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது எவ்வளவு என்று கட்டம் கட்டமாக எண்கள். பார்க்கிறவர்களுக்கு, யாரோ ஒருவர் கூடையும் தராசுமாகக் கழுதைகளின் பின்னால் நடந்திருக்கிறார் என்று தோன்றும். யாரும் நடக்கவில்லை. நாட்டிலிருந்து வருவது தலைக்கணக்கு ஒன்றுதான். மீதி எல்லாம் பெருக்கல்.

அந்தப் பெருக்கல் எங்கே நடக்கிறது என்று பார்ப்பது கடினமில்லை. ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டி, நான்காம் தொகுதி, பத்தாம் அத்தியாயம், சமன்பாடு 10.30. 1000 கிலோ உயிர் எடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோ நைட்ரஜன் என்று ஒரு வீதம். அதை விலங்கின் எடையாலும் 365-ஆலும் பெருக்கினால் ஆண்டுக் கணக்கு வந்துவிடும். சொந்தமாக அளவெடுத்த நாடு தன் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம், விதி அதைத் தடுக்கவில்லை. அளவெடுக்காத நாட்டுக்குப் பொதுமதிப்பு. எடைக்கான பொதுமதிப்பு, கழுதைக்கு எல்லா நாட்டிலும் ஒன்றே: 130 கிலோ. வீதம்தான் மாறுகிறது. அட்டவணை 10.19-இல் மேற்கு ஐரோப்பாவுக்கு 0.26. வட அமெரிக்கா, கிழக்கு ஐரோப்பா, ஓசியானியாவுக்கு 0.30. லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, ஆசியா எல்லாவற்றுக்கும் 0.46.

இழப்புக் கணக்கு இதற்குப் பிறகு வருகிறது. குவித்து வைத்த காய்ந்த எருவில், மாடு, பன்றி, கோழி அல்லாத விலங்குகளுக்கு 15 விழுக்காடு நைட்ரஜன் போய்விடும் என்று அதே நூல் வைத்துக்கொள்கிறது. அந்த 15-இல் 12, அம்மோனியாவாகவும் அதன் உறவு வாயுக்களாகவும் காற்றில் கலப்பது. மேய்ச்சல் நிலத்தில் விழுந்ததற்கு 20 விழுக்காடு காற்றுக்கு. இந்த விழுக்காடுகள் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. ஆகவே குவியலில் ஸ்பெயின் கழுதை 1.85 கிலோவை இழக்கும், மொராக்கோ கழுதை 3.27 கிலோவை. மேய்ச்சலில் 2.5, 4.4. எந்த வழியில் போனாலும் விகிதம் அதே விகிதம். நான் தேட வேண்டியிருந்தது இரண்டு நாடுகளின் இழப்பை அல்ல, 0.26, 0.46 என்ற இரண்டு எண்களின் பிறந்த வீட்டை.

முதலில் கண்ணில் பட்டது அந்த வரிசையின் தலைப்பு. கழுதைக்கு அங்கே சொந்த வரிசை இல்லை. குதிரை என்று போட்டுவிட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கோவேறு கழுதையையும் கழுதையையும் ஒண்டுக்குடித்தனம் வைத்திருக்கிறார்கள். கோவேறு கழுதை பாதிக் குதிரை, அதைக்கூட விட்டுவிடலாம். கழுதையின் குடலும் சிறுநீரகமும் குதிரையினுடையது போல் நடந்துகொள்வதில்லை என்பது கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஆக, இது குதிரையின் எண்.

அடுத்தது எடை. 130 கிலோ என்று சொல்லும் அதே பத்தாம் அத்தியாயம், சில பக்கங்கள் முன்னால், அட்டவணை 10.10-இல், கழுதைக்கு 245 கிலோ என்கிறது. அது வயிற்றிலிருந்து வரும் மீத்தேனுக்கான அட்டவணை. ஒரே நூல், ஒரே அத்தியாயம், மீத்தேன் விடும்போது ஒரு கழுதை, விட்டை போடும்போது வேறொரு கழுதை. 245-ஐ எடுத்துப் பெருக்கினால் ஸ்பெயினுக்கு 23.3 கிலோ, மொராக்கோவுக்கு 41.1 கிலோ. யாரும் அப்படிப் பெருக்கச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு அத்தியாயத்துக்குள் எடை கிட்டத்தட்ட இருமடங்காவதைப் பார்த்த பிறகு, ஆராய்ச்சிக்காரன் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போக முடியாது.

மீத்தேன் அட்டவணையின் வேர் நேராகவே இருக்கிறது. கழுதைக்கு ஆண்டுக்கு 10 கிலோ, குதிரைக்கு 18 கிலோ மீத்தேன் என்ற எண்கள் 1986-இல் டெல்லஸ் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து வருகின்றன. எழுதியவர்கள் பால் குருட்சன், ஆசல்மன், ஸைலர். குருட்சன் ஓசோன் படலத்தின் வேதியியலுக்காக 1995-இல் நோபல் பரிசு பெற்றவர். அந்தக் கட்டுரையில் அவர்கள் மாடு, காட்டெருமை, யானை, மனிதன்வரை எல்லாருடைய வயிற்று மீத்தேனையும் கூட்டிப் பார்த்தார்கள். உலகம் முழுவதற்குமான மதிப்பீடு அது. ஒவ்வொரு விலங்குக்கும் சட்டம்போல் நிற்க வேண்டிய எண்ணை அவர்கள் எழுதவில்லை. சட்டமாக்கியது பின்னால் வந்தவர்கள். இது என் பாதையில் ஒரு கிளை மட்டும். திரும்பி வருகிறேன்.

0.30 எளிதில் பிடிபட்டது. அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் எருவின் தன்மைகள் பற்றி ஒரு தரநிலை ஏடு வைத்திருந்தது. டி384 என்று எண். எருக்குழி எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும், கழனியில் எவ்வளவு போடலாம் என்று கணக்குப் போடும் பொறியாளர்களுக்கானது. அதில் 1000 கிலோ உயிர் எடைக்கு ஒரு நாள் நைட்ரஜன்: செம்மறிக்கு 0.42, வெள்ளாட்டுக்கு 0.45, குதிரைக்கு 0.30. ஐ.பி.சி.சி. அட்டவணையில் வட அமெரிக்க வரிசையைப் பக்கத்தில் வைத்தால்: செம்மறி 0.42, வெள்ளாடு 0.45, குதிரை 0.30. இனி விசாரணை வேண்டாம். அமெரிக்க லாயத்தில் நின்று தீனி தின்ற, 450 கிலோ எடையுள்ள குதிரையின் எண் அது. கழுதை அந்த ஏட்டிலேயே கிடையாது.

0.46 தான் முரண்டு பிடித்தது. எந்த அளவீட்டிலும் அது நேராக வரவில்லை. அட்டவணையின் அடிக்குறிப்பு பல மூலங்களை ஒரே மூச்சில் சொல்லி நழுவுகிறது: ஐ.பி.சி.சி.யின் 1996 வழிகாட்டி, ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையின் 2002 நூல், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அம்மோனியா வரைவறிக்கை, 2004-இல் பணக்கார நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்குகள். இவற்றில் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் பேசக்கூடியது 1996 நூல் மட்டும். ஆனால் 1996 நூலில் 1000 கிலோ எடைக்கான வீதமே இல்லை. அங்கே கணக்கு தலைக்கு இவ்வளவு என்று போகிறது.

அப்போதுதான் பெருக்கலைத் திருப்பிப் போடலாம் என்று தோன்றியது. வீதம் எங்கிருந்தோ வகுத்து வந்திருந்தால், சரியான எடையால் பெருக்கும்போது ஒரு முழு எண் வெளியே வர வேண்டும். கழுதையின் 130 கிலோவால் பெருக்கினேன்: 21.83. முழு எண் இல்லை. வளரும் நாடுகளின் குதிரைக்கு, அந்த 130 கிலோ வந்த அதே பத்தாம் அத்தியாயப் பின்னிணைப்பு கொடுக்கும் எடை 238 கிலோ. 0.46-ஐ 0.238-ஆல் பெருக்கி, 365-ஆல் பெருக்கினால் 39.96.

நாற்பது.

1996 நூலின் அட்டவணை 4-20-ஐ எடுத்தேன். ஒரு தலைக்கு ஆண்டுக்கு எத்தனை கிலோ நைட்ரஜன் என்ற பட்டியல். பால் மாடு, மற்ற மாடு, கோழி, செம்மறி, பன்றி, கடைசியில் ‘மற்ற விலங்குகள்’. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியாவில் ‘மற்ற விலங்குகள்’ 25. லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மேற்காசியாவும் மத்தியதரைக் கடலோரமும் சேர்ந்த பகுதி, ஆசியா: 40. மொராக்கோவை ஆப்பிரிக்காவில் வைத்தாலும் மத்தியதரைக் கடலோரத்தில் வைத்தாலும் தப்ப வழியில்லை.

ஒரு எண் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். செம்மறியை வைத்துச் சோதித்தேன். 1996-இல் ஆப்பிரிக்க, ஆசியச் செம்மறிக்கு 12 கிலோ. பின்னிணைப்பில் அதன் எடை 28 கிலோ. 1000 கிலோவுக்கு, ஒரு நாளைக்கு என்று வகுத்தால் 1.17. அட்டவணை 10.19-இல் இருப்பது 1.17. கிழக்கு ஐரோப்பியச் செம்மறி 16 கிலோ, வளர்ந்த நாட்டு எடை 48.5, வகுத்தால் 0.90. அச்சில் இருப்பதும் 0.90. ஓசியானியா 20 கிலோ; வகுத்தால் 1.13, அச்சில் 1.13. நூல் இந்த வகுத்தலை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எண்கள் சொல்லிவிட்டன. 2006-இல் உட்கார்ந்தவர்கள் பழைய தலைக்கணக்கை எடுத்து, எடையால் வகுத்து, புது வீதமாக அச்சிட்டிருக்கிறார்கள். குதிரைக்கு நாற்பதைக் குதிரையின் எடையால் வகுத்தது வரை கணக்குப் பிசகு இல்லை. பிசகு அடுத்த அடியில் நடந்தது: அந்த வீதத்தின் கீழ் கழுதையை நிறுத்தி, இந்த முறை கழுதையின் எடையால் பெருக்கியது. இதே வளரும் நாட்டுப் பகுதிகளில் ஒட்டகத்துக்கும் 0.46 தான். ஒரே பையிலிருந்து மூன்று விலங்குகள்.

0.26-க்கும் இப்படி ஒரு பொருத்தம் கிடைத்தது. ஐரோப்பியக் காற்றுமாசுக் கையேடு குதிரைக்கு ஆண்டுக்கு 47.5 கிலோ நைட்ரஜன் என்கிறது. குதிரை 500 கிலோ என்று வைத்து வகுத்தால் 0.26. ஆனால் 47.5 என்ற எண்ணை நான் பார்த்தது 2006-க்குப் பின் வந்த பதிப்புகளில். ஆகவே இதைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கையேடு கழுதைக்குத் தனியாக ஒரு எண் வைத்திருக்கிறது: 15 கிலோ. ஐரோப்பாவுக்குள்ளேயே காற்றுமாசுக் கணக்கில் ஒரு கழுதை, பருவநிலைக் கணக்கில் இன்னொரு கழுதை.

இப்போது கேள்வி, 40 எப்படி 40 ஆனது? 1996 பட்டியலில் எருமைக்கு வரிசை இல்லை, வெள்ளாட்டுக்கு இல்லை, ஒட்டகத்துக்கு இல்லை. குதிரையும் கழுதையும் அவற்றோடு சேர்ந்து ‘மற்ற விலங்குகள்’ ஆகிவிடுகின்றன. ஆசியாவில் மாட்டுக்கு (பால் மாடு தவிர) அதே பட்டியல் கொடுப்பது 40. எருமையும் ஒட்டகமும் நிறைந்த பகுதிகளில் ‘மற்ற’ என்றால் மாட்டளவு பெரிய விலங்கு என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் ‘மற்ற’ என்றால் ஆடும் மட்டக்குதிரையும். இது என் ஊகம், ஆனால் வேறு எந்த விளக்கமும் இதைவிடப் பொருந்தவில்லை. ஊகமில்லாதது ஒன்று உண்டு. அந்தப் பட்டியலுக்கு அடியில் குறிப்பிட்ட மூலங்கள் மேற்கு ஐரோப்பாவைச் சேர்ந்தவை: ரசாயனத் தொழில் சார்ந்த ஈசிடாக் அமைப்பு, மேற்கு ஐரோப்பாவில் காற்றில் கலக்கும் அம்மோனியாவைப் பற்றி 1994-இல் வெளியிட்ட அறிக்கை, ஜெர்மன் ஆய்வாளர்கள் ஃபெட்டர், ஸ்டெஃபன்ஸ் ஆகியோரின் எழுத்து. ஆப்பிரிக்கக் கழுதை ஒன்றின் மூத்திரம்கூட இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் படவில்லை. 1996 நூல் தன் பட்டியலுக்குத் தற்காலிக மதிப்புகள் என்று தலைப்பிலேயே எழுதி வைத்திருந்தது. நாணயமான மனிதர்கள். பத்து ஆண்டுகள் கழித்து வகுத்து எடுத்தபோது அந்தத் தலைப்பு கூட வரவில்லை. 50 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற ஓர் அடிக்குறிப்பு வந்தது.

ஏடுகளை ஒதுக்கிவிட்டுக் கழுதையையே கேட்கலாம். வளர்ந்து முடித்த, பால் கொடுக்காத, கொழுக்காத விலங்கு உள்ளே எடுக்கும் நைட்ரஜன் முழுவதையும் வெளியே விட்டுவிடும். அது வேறெங்கே போகும்? ஆகவே தின்பதைக் கணக்கிட்டால் போதும். 130 கிலோ எடையுள்ள உழைக்கும் கழுதை தன் எடையில் 2 விழுக்காடு உலர்தீவனம் தின்கிறது என்று தாராளமாகவே வைப்போம்: நாளுக்கு 2.6 கிலோ. ஆண்டுக்கு 21.8 கிலோ நைட்ரஜன் என்றால் நாளுக்கு 60 கிராம். அதை 6.25-ஆல் பெருக்கினால் தீவனத்தில் இருக்க வேண்டிய புரதம் கிடைக்கும்: 374 கிராம். அதாவது தின்னும் தீனியில் 14 விழுக்காட்டுக்கு மேல் புரதம். இது வைக்கோலில் வராது. காய்ந்த புல்லிலும் வராது. குதிரைமசால் தின்ன வேண்டும், அதுவும் தினமும், அது மட்டுமே.

ஐரோப்பிய எண்ணை இதே தட்டில் வைத்தால் தேவைப்படும் புரதம் 8 விழுக்காடு. சாதாரணக் காய்ந்த புல். பொருந்துகிறது. கோதுமை வைக்கோல் தின்னும் கழுதைக்கு, வைக்கோலில் புரதம் 4 விழுக்காடு என்று கொண்டால், ஆண்டுக்கு வெளியேறுவது 6 கிலோ நைட்ரஜன். அட்டவணை தன்மேல் தானே போட்டுக்கொண்ட 50 விழுக்காடு சந்தேகத்தின் அடிமட்டம் 10.9 கிலோ. வைக்கோல் கழுதை அதற்கும் கீழே நிற்கிறது. பஞ்சத்தில் மேயும் கழுதைக்குப் பணக்காரத் தீனியின் எண்ணையும், புல்வெளிக் கழுதைக்குச் சாதாரணக் காய்ந்த புல்லின் எண்ணையும் கொடுத்திருக்கிறது இந்தப் பட்டியல்.

இது தாள் கணக்கு மட்டும் அல்ல. 1980-களின் கடைசியில் இஸ்ரேலி, சோஷ்னியாக், ஷ்கோல்னிக் முதலானோர் பாலைவனத்துப் பெதூயின் மக்களின் கழுதைகளுக்குக் கோதுமை வைக்கோல் போட்டு ஆராய்ந்தார்கள். தீனியில் நைட்ரஜன் குறையும்போது கழுதை யூரியாவை மூத்திரத்தில் விட்டுத் தொலைப்பதில்லை. சிறுநீரகம் பிடித்து நிறுத்துகிறது, ரத்தம் அதைக் குடலுக்குத் திருப்பி அனுப்புகிறது, பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று புரதமாக்கிக்கொள்கின்றன. வீட்டில் அரிசி குறையும்போது கஞ்சித்தண்ணீரையும் கொட்டாமல் வைத்துக்கொள்ளும் கைப்பக்குவம் இது. இந்த வித்தை இருப்பதால்தான் மாடு மெலியும் காட்டில் கழுதை நிற்கிறது.

இழப்பைப் பேசும்போது இந்த இடம் முக்கியம். எருவிலிருந்து காற்றுக்குப் போகும் அம்மோனியா பெரும்பாலும் மூத்திரத்து யூரியாவிலிருந்து வருவது. விட்டையிலும் மண்ணிலும் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதைத் தொட்டதும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில், அம்மோனியா கிளம்பிவிடும். லாயத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அதுதான். விட்டையில் இருப்பது செரிக்காத நாரோடும் நுண்ணுயிர் உடல்களோடும் ஒட்டிக்கிடக்கும் நைட்ரஜன், மெதுவாகத்தான் கழலும். தீனியில் புரதம் கூடினால் கூடுதல் நைட்ரஜன் போவது மூத்திரத்துக்கு. குறைந்தால் முதலில் குறைவதும் மூத்திரத்தில். ஆகவே வைக்கோல் தின்னும் கழுதை வெளியேற்றும் நைட்ரஜனும் குறைவு, அதில் பறந்துபோகும் பங்கும் குறைவு. வழிகாட்டியின் நிலையான விழுக்காடு இந்த இரண்டாவது குறைவைக் காணாது.

ஸ்பெயின் பக்கம் இருக்கும் தவறு வேறு மாதிரி. அங்கே எடை தவறு. ஸ்பெயினின் அதிகாரப்பூர்வக் கழுதை இனங்கள் ஆறு: ஆண்டலூசியா, கத்தலோனியா, சமோரா-லியோன், மயோர்க்காவின் பலேயர் இனம், கானரித் தீவுகளின் மஹொரேரா, பாஸ்க் பகுதியின் என்கார்தாசியோனெஸ். ஆறுமே அழியும் நிலையில் உள்ளவையாகப் பதிவானவை. 1960-களிலிருந்து டிராக்டர் வந்து வயலைப் பிடித்துக்கொண்டதும் கழுதைக்கு வேலை போயிற்று. மிஹாஸ் என்ற மலையூரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு எண் பலகை மாட்டிய ‘கழுதை டாக்சி’யாகச் சில பிழைத்திருக்கின்றன. என்கார்தாசியோனெஸும் மஹொரேராவும் சிறுத்த உடல். ஆனால் ஆண்டலூசியா, கத்தலோனியா, சமோரா இனங்கள் நெடியவை. கோவேறு கழுதை பிறப்பிக்கவே உயரம் பார்த்து வளர்த்தவை. அவற்றுக்கு 300 கிலோவுக்கு மேல் எடை. 130 கிலோ என்பது அவற்றில் ஒன்றின் பாதிகூட இல்லை.

மொராக்கோவில் எடையை அளந்தவர்கள் இருக்கிறார்கள். எடின்பரோவின் வெப்பமண்டலக் கால்நடை மருத்துவ மையத்தைச் சேர்ந்த பியர்சன், மொராக்கோவின் ஊஸ்ஸத் இருவரும் அங்கே நூற்றுக்கணக்கான உழைக்கும் கழுதைகளைத் தராசில் ஏற்றி, மார்புச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் நாடாவால் அளந்து, நாடா ஒன்றை வைத்தே எடையைச் சொல்ல ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்க எடை தெரிய வேண்டும், கிராமத்தில் தராசு கிடையாது என்பதற்காகச் செய்த வேலை. கட்டுரை வெட்டர்னரி ரெக்கார்ட் இதழில் வந்த ஆண்டு 1996. ஐ.பி.சி.சி. நூல் பெயரில் தாங்கி நிற்பதும் அதே ஆண்டு. நாடாவோடு சந்தையில் நின்றவர்களும் அட்டவணையோடு மேசையில் இருந்தவர்களும் சந்தித்துக்கொள்ளவில்லை.

ஃபெஸ் நகரின் பழைய பகுதிக்குள் கார் நுழையாது. தோல் பதனிடும் தொட்டிகளிலிருந்து ஈரத்தோல்கள், எரிவாயு உருளைகள், செங்கல், குளிர்பானப் பெட்டிகள் எல்லாம் கழுதை முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும்தான் போக வேண்டும். இரண்டு ஆள் ஒதுங்கினால் தோள் இடிக்கும் சந்தில், பின்னாலிருந்து ஓட்டுகிறவர் “பாலாக், பாலாக்” என்று கத்திக்கொண்டே வருவார். ஒதுங்கு என்று பொருள். ஒதுங்காதவர் சட்டையில் ஈரத்தோல் உரசிவிட்டுப் போகும். விட்டை நடைகல்லில் விழுகிறது, அடுத்து வரும் குளம்பு மிதிக்கிறது, வெயில் அதைப் பொடியாக்குகிறது, யாரோ கூட்டித் தள்ளுகிறார்கள். மூத்திரம் கல்லிடுக்கில் ஓடுகிறது. இங்கே நடக்கும் இழப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது? குவியலா? மேய்ச்சல் நிலமா? மண்ணில் விழுந்தால் களிமண் துகள் கொஞ்சம் அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல் பிடிக்காது. இந்தக் கழுதைகளுக்கு நோய் வந்தால் போகும் இடம் அமெரிக்கன் ஃபொண்டூக், 1927-இலிருந்து ஃபெஸில் இலவசமாக நடக்கும் மருத்துவமனை. அங்கே கழுதையின் பல், குளம்பு, முதுகுப் புண் எல்லாம் பார்க்கிறார்கள். அவை எண்ணத்தக்க உயிர்கள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

நீரோடு இறங்கும் இழப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2006 நூலில் அதற்கு 30 விழுக்காடு. ஆனால் மழை மண்ணைத் தாண்டி இறங்கும் அளவுக்குப் பெய்யும், அல்லது பாசனம் நடக்கும் இடங்களில் மட்டும். வறண்ட நிலத்தில் பூஜ்யம். ஆண்டலூசியாவிலும் மொராக்கோவிலும் பெரும்பகுதி வறண்டது. இரண்டு கரையிலும் இந்தக் கட்டத்தில் பெரிய சண்டை இல்லை.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை தோண்டலா என்று கேட்கலாம். மொராக்கோவில் 9 லட்சம் கழுதை என்று வைத்துப் பார்ப்போம். பட்டியலின்படி அவை ஆண்டுக்கு 19,600 டன் நைட்ரஜனை வெளியேற்றும். அதே கழுதைகளை நீரிணைக்கு வடக்கே நிறுத்தி எண்ணினால் 11,100 டன். வைக்கோல் கணக்கில் 5,500 டன். நாட்டின் மொத்த வாயுக் கணக்கில் இது கடுகளவுதான், அதனால்தான் யாரும் தொடுவதில்லை. கணக்கில் பெரும் பங்கு வகிக்கும் இனங்களுக்குத்தான் நாடுகள் சொந்த அளவீடு எடுக்க வேண்டும் என்பது விதி; கழுதை அந்தப் பட்டியலுக்குள் வருவது அரிது. சிறியது என்பதால் திருத்தப்படாமல், திருத்தப்படாததால் நிரந்தரமாகி நிற்கிறது. ஆனால் வாயுக் கணக்குக்கு வெளியே இந்த எண்ணை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. மண்ணுக்கு எருவாக எவ்வளவு தழைச்சத்து கிடைக்கும் என்று ஆப்பிரிக்க ஊர்களுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் இதே பட்டியலைத்தான் திறக்கிறார்கள். இருக்கும் எருவை மூன்றரை மடங்காகப் பார்த்தால், வாங்க வேண்டிய உரத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள்.

2019-இல் ஐ.பி.சி.சி. தன் வழிகாட்டியைத் திருத்தியது. மேய்ச்சல் நிலத்தில் செம்மறி முதலானவை விடும் நைட்ரஜனில் நைட்ரஸ் ஆக்சைடாகும் பங்கு நூற்றுக்கு 1 என்றிருந்ததை, வயல் ஆய்வுகளைப் பார்த்து 0.3 ஆக இறக்கினார்கள். நீரோடு இறங்கும் பங்கு 30-இலிருந்து 24 ஆயிற்று. செம்மறியின் வெளியேற்ற வீதங்களைப் புதிதாகப் போட்டார்கள், 1.17 ஒழிந்தது. கழுதைக்குக் கடைசியில் தனி வரிசை கொடுத்தார்கள். குதிரையின் அடைப்புக்குறியிலிருந்து அது வெளியே வந்தது. வரிசையில் நிரப்பிய எண்கள்: மேற்கு ஐரோப்பா 0.26, ஆப்பிரிக்கா 0.46. ஆசியாவும் 0.46. 2012-இல் 3.2 லட்சமாக இருந்து 2019 கணக்கெடுப்பில் 1.2 லட்சமாகச் சுருங்கிய இந்தியக் கழுதைகளும், தமிழ்நாட்டில் மிச்சமிருப்பவை உட்பட, அந்தப் பொதுமதிப்பின் கீழேதான்.

நான் கொடுத்த ஒப்பீட்டில் இரண்டு நாட்டுக்கும் தீனியிலிருந்து கணக்குப் போட்டேன். மொராக்கோவின் 130 கிலோ கழுதைக்கு வைக்கோலோடு கொஞ்சம் மேய்ச்சலும் கொஞ்சம் பார்லியும் சேர்த்து, தீனியில் புரதம் 4 முதல் 6 விழுக்காடு: ஆண்டுக்கு 6 முதல் 9 கிலோ நைட்ரஜன். ஸ்பெயினின் பெரிய இனக் கழுதை ஒன்றை 350 கிலோ என்றும், வேலை குறைவு என்பதால் எடையில் ஒன்றரை விழுக்காடு தின்கிறது என்றும், புரதம் 6 விழுக்காடு என்றும் வைத்தால் 18 கிலோ. ஒரு தலைக்கு இழப்பு ஸ்பெயினில் அதிகம், மொராக்கோவில் குறைவு. பட்டியல் சொன்னதற்கு நேர் தலைகீழ். இதைப் படித்த ஒருவர், பொதுமதிப்பை ஏன் பயன்படுத்தவில்லை என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். 238-ஐயும் 40-ஐயும் ஒரு தாளில் எழுதி, நடுவில் வகுத்தல் குறி போட்டுத் திருப்பி அனுப்பினேன்.